விளக்கு வைத்த நேரத்தில் ஒரு இருபடிச் சமன்பாடு

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு எதையும் இல்லை என்று சொல்லக்கூடாது. அரிசி தீர்ந்துபோனால் அரிசி நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். உப்பு தீர்ந்தால் உப்பும் அப்படியே நிறைந்துவிடும். இது என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, “துவரம்பருப்பு நெறஞ்சிருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சாம்பார் வராததற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அதிலிருந்து, எது நிறைந்திருப்பதாகக் காதில் விழுந்தாலும் பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் படியிறங்குகிறேன். செகந்திராபாத்தை அடுத்த இந்த ஏ.எஸ்.ராவ் நகரில் லிஃப்ட் வேலை செய்யும் அடுக்குமாடிகளும் உண்டு. எங்களுடையது அந்த வகை அல்ல.

இந்த வழக்கம் ஒருநாள் இருபடிச் சமன்பாட்டின் குறுக்கே வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருபடிச் சமன்பாடே என் வாழ்க்கையில் மறுபடி வரும் என்றும்தான் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் யுகேஜி வகுப்பின் உதவியாளர். டீச்சர் பாடம் நடத்துவார். இவள் மற்றதையெல்லாம் நடத்துவாள். அழுகிறவனைத் தூக்குவது, பென்சில் சீவுவது, ஷூ லேஸ் கட்டுவது, டீச்சர் வராத நாட்களில் ஒன்று முதல் நூறு வரை சொல்லவைப்பது. சென்ற வருடம் பள்ளி கைமாறியது. புது நிர்வாகத்தார் வந்ததும் ஒரு சட்டம் போட்டார்கள்: வகுப்பறைக்குள் நிற்கிற எவரும் குறைந்தது பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் சான்றிதழ் காட்டாதவர்கள் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போக வேண்டியது. என் மனைவி பத்தாம் வகுப்பு ஃபெயில். கணக்கில். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவளுடையது. ஃபெயிலானதும் தையல் வகுப்புக்கு அனுப்பினார்கள். தையலும் வராமல் போகவே எனக்குக் கட்டிவைத்தார்கள்.

பஸ் வேலை கேவலமான வேலை இல்லை. ஆனால் அவளுக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறு விளக்கம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வழி இருந்தது. ஓப்பன் ஸ்கூலில் பணம் கட்டிப் பரீட்சை எழுதலாம். எந்தெந்தப் பாடம் என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணக்கு கட்டாயமே இல்லை. விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் இருந்தவர், நல்ல மனிதர், பேனாவைத் திறந்தபடியே, கணக்கை விட்டுவிட்டு ஹோம் சயின்ஸ் எடுங்கள் மேடம், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்று சொன்னார். நான் அவரை மனமார வழிமொழிந்தேன். ஒரே ஒரு வாய்ப்புதான், கணக்கில் மறுபடி போய்விட்டால் சான்றிதழும் போகும், வகுப்பும் போகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஹவ், தெரியும்” என்றாள். செகந்திராபாத்தில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். “ஹோம் சயின்ஸ் இருபத்தஞ்சு வருஷமா எழுதிட்டுத்தான் இருக்கேன். திருத்தறதுக்குத்தான் ஆளக் காணோம். ஃபெயிலானது மேத்ஸ்ல. மேத்ஸ்லதான் பாஸாகணும்.”

விண்ணப்பக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பல கவுன்ட்டர்களில் பார்த்திருக்கிறேன்.

கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நான் டிப்ளமோ படித்தவன், அதுவும் திருச்சிப் பக்கத்தில் தமிழ் வழியில் கணக்குப் படித்தவன் என்று இந்த வீட்டில் வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு, நான்தான் கிளப்பிவிட்டது. உண்மை என்னவென்றால், மின்சாதன உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் என் தலைமுடி கொட்டிய அத்தனை வருடங்களிலும் ஒரு வியாபாரிகூட என்னிடம் இருபடிச் சமன்பாட்டை நீட்டி, இதைத் தீர்த்துக் கொடுத்தால்தான் சரக்கு அனுப்புவேன் என்று சொன்னதில்லை. சூத்திரம் மட்டும் பாட்டாக ஞாபகம் இருந்தது. மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, ஹோல் பை டூ ஏ. கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரிக்கிறவரைப் போல. முகம் தெரிகிறது, யார் என்று தெரியவில்லை.

மகளைக் கேட்கலாம் என்று போன் போட்டோம். அவள் கொண்டாப்பூரில் ஹாஸ்டலில் தங்கி ஐ.டி. கம்பெனிக்குப் போகிறாள். அதே ஊர்தான் என்று பெயர். இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் நமக்கு ஒரு வயது கூடிவிடும். நாங்கள் தமிழில் கேட்டதற்கு அவள் வழக்கம்போல மற்ற எல்லா மொழிகளிலும் பதில் சொன்னாள். “மா, எந்துக்கும்மா மேத்ஸ்? ஹோம் சயின்ஸ் ஈஸி கதா. சரி, ஜஸ்ட் வேல்யூஸ் போட்டுடு, அந்தே.” மதிப்புகளைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மா தலையாட்டினாள். அவள் தலையாட்டியது போனில் தெரிந்திருக்காது.

படிப்புக்குக் கிடைத்த நேரம், அவள் விளக்கேற்றியதிலிருந்து கடைசி குக்கர் விசில் வரைக்கும். எங்கள் வீட்டில் பூஜை அறை கிடையாது. வரைபடத்தில் அதற்கென்று காட்டிய மூலையில் பில்டர் செருப்பு அலமாரியைக் கட்டிவிட்டார். ஆகவே சாமி, சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே ஒரு பலகையில் குடியிருக்கிறார். மேஜையில் கணக்கு நடக்கும். மேலே விளக்கு எரியும்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். x² − 7x + 10 = 0. இதில் ஏ ஒன்று, பி மைனஸ் ஏழு, சி பத்து. சூத்திரம் மைனஸ் பி கேட்கிறது, பி-யே மைனஸ் ஏழாக இருக்கிறது, மைனஸுக்கு மைனஸ் பிளஸ் ஆகிவிடும் என்பதை எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள், “கோவிச்சிக்கிட்டு மூஞ்சத் திருப்பிக்கிறான்ல, அவன்கிட்ட நாமளும் மூஞ்சத் திருப்பிக்கிட்டா சிரிச்சிடுவான். அதானே?” என்றாள். யுகேஜியில் கற்றது. என் தயாரிப்பு வீணாயிற்று.

பிறகு ரூட்டுக்குள்ளே இருப்பது. நாற்பத்தொன்பதில் நாற்பது போக ஒன்பது. அதன் ரூட் மூன்று. ஏழும் மூன்றும் பத்து, இரண்டால் வகுத்தால் ஐந்து. ஏழில் மூன்று போக நான்கு, இரண்டால் வகுத்தால் இரண்டு. ஆக விடை ஐந்து, இரண்டு. ஒரு கேள்விக்கு இரண்டு பதில் என்பது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எது சரி என்று கேட்டாள். இரண்டும் சரி என்றேன். இந்த வீட்டில் அப்படி நடந்து பார்த்ததில்லை என்றாள்.

ரூட்டுக்குள்ளே இருக்கும் அந்தச் சின்னக் கணக்குக்கு, பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி-க்கு, தமிழ்ப் புத்தகத்தில் தன்மைகாட்டி என்று பெயர். பூஜ்ஜியத்துக்கு மேலே இருந்தால் இரண்டு விடை, பூஜ்ஜியமாக இருந்தால் ஒரே விடை, கீழே போனால் மெய்யான விடையே கிடையாது. கணக்கைப் போடுவதற்கு முன்பே இது தேறுமா தேறாதா என்று காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணம், வேலை, வீட்டுக் கடன் போன்றவற்றுக்கு இப்படி ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தாலும் நாம் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டிருப்போம்.

சிக்கல் அங்கேதான் வந்தது. x² + 2x + 5 = 0. நான்கில் இருபது போக மைனஸ் பதினாறு. அவள் ரூட் பதினாறு நான்கு என்று எழுதி, ஒன்று, மைனஸ் மூன்று என்று இரண்டு விடைகளை அழகாக வரவழைத்துக் கோடு போட்டு வைத்திருந்தாள். நான் ஒன்றை எடுத்து சமன்பாட்டில் போட்டுக் காட்டினேன். பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் எட்டு வந்தது. எட்டு தானே, ரொம்பத் தப்பு இல்லையே என்றாள்.

கவனக்குறைவு என்று நினைத்தேன். ஆனால் மறுநாளும், அதற்கு மறுநாளும், ரூட்டுக்குள் மைனஸ் வந்த இடத்தில் எல்லாம் அது காணாமல் போயிற்று. மற்ற கணக்குகளில் ஒரு பிசகும் இல்லை. இந்த வகை மட்டும், சொல்லிவைத்த மாதிரி.

“மைனஸ் எங்க போச்சு?” என்று கேட்டேன்.

“எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“அப்பதானே ஆன்சர் வருது.”

“இதுல வரக்கூடாது. மெய்யான மூலம் இல்லன்னு எழுதணும்.”

அவள் மேலே பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “வெளக்கு எரியுது” என்றாள்.

எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், ஒருவன் நாள் முழுக்க வியாபாரிகளோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கையில் எவ்வளவு பொறுமை மிச்சம் இருக்குமோ அவ்வளவையும் திரட்டிக்கொண்டு, நீ எழுதப்போவது இங்கிலீஷில்தானே, ‘நோ ரியல் ரூட்ஸ்’ என்று எழுதிவிடு என்றேன்.

“சாமிக்கு இங்கிலீஷ் தெரியாதா? பிரிட்டிஷ்காரன் காலத்துலேர்ந்து செகந்திராபாத்ல இருக்காரு.”

‘மூலங்கள் நிறைந்திருக்கின்றன’ என்று எழுதினால் மார்க் போடுவார்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. குக்கர் கத்தியது, அவள் எழுந்து போனாள்.

படிப்பைக் காலைக்கு மாற்றிப் பார்த்தோம். டிபன், டப்பா, தண்ணீர் வருகிற நேரம் எல்லாவற்றுக்கும் நடுவே, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பென்சிலுமாக. காலையில் விளக்கு இல்லை. ஆனாலும் மைனஸ் காணாமல்தான் போயிற்று. அப்போதுதான் சாமியை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் அவள் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். உட்கார இடம் கிடைத்திருந்தது, அதனாலேயே பேச்சு வந்தது என்று நினைக்கிறேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். அந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு கணக்கு இப்படித்தான் வந்ததாம். ரூட்டுக்குள்ளே மைனஸ். எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று அடித்துவிட்டு மறுபடி போட்டாளாம். மறுபடியும் மைனஸ். அடித்து அடித்துப் போட்டதில் மணி அடித்துவிட்டது. பின்னால் இருந்த கணக்குகள், தெரிந்த கணக்குகள், அப்படியே நின்றுபோயின.

“கேள்வின்னு ஒண்ணு கேட்டா பதில் இருக்கணும்ல? இல்லாததையா கேப்பாங்க?”

 இல்லாததைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள் என்பதற்கு என் அலுவலக வாழ்க்கை முழுவதும் சாட்சி. ஆனால் அதைச் சொல்வதற்கு அந்தப் பஸ் சரியான இடமாகப் படவில்லை. அது இதே மாதிரிக் கணக்குத்தானா, நிச்சயமா என்று மட்டும் கேட்டேன். ஞாபகம் இல்லை என்றாள். உண்மையிலேயே அவள் தப்பாகப் போட்டிருக்கவும் கூடும்.

அடுத்த ஸ்டாப் வந்தபோது அவளே சொன்னாள். “இல்லன்னு எழுதலாம்னு அப்பவும் தோணுச்சு. எழுதினா, இவளுக்குத் தெரியல, அதான் இல்லன்னு எழுதிட்டான்னு நெனச்சிப்பாங்களோன்னு இருந்துச்சு. முன்னாடியே அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தாங்க.”

கண்டக்டர் நின்றிருந்தவர்களையெல்லாம் உள்ளே போகச் சொல்லித் தெலுங்கில் இரைந்தார். உள்ளே போக இடமில்லை. அவர்களும் போவது போல ஒருமுறை அசைந்து காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து, அன்று வரை நான் சொன்னதிலேயே உருப்படியான ஒன்றைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். தெரியாதவன் வெறுமனே இல்லை என்பான். தெரிந்தவன் காரணம் காட்டி இல்லை என்பான். பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி இவ்வளவு, அது பூஜ்ஜியத்துக்குக் கீழே, ஆகவே இல்லை. அந்த முதல் இரண்டு வரிகளை எழுதிவிட்டால் மூன்றாவது வரியைப் பார்த்து யாரும் உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவள் நோட்டை எடுத்தாள். காரணம் இரண்டு வரியையும் முத்து முத்தாக எழுதினாள். மூன்றாவது வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

“அது?”

“காலைல எழுதிக்கிறேன்.”

அதிலிருந்து அதுதான் நடைமுறையாயிற்று. மாலையில் காரணங்கள், காலையில் முடிவுகள். பால் பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் முந்தின நாள் காலியாக விட்ட இடங்களிலெல்லாம் ‘நோ ரியல் ரூட்ஸ்’ என்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போல, வரிசையாக எழுதிக்கொண்டு போவாள். மைனஸ் மறுபடி காணாமல் போகவில்லை. அரசாங்க அலுவலகங்கள்கூட இவ்வளவு ஒழுங்காக ஒரு முடிவைத் தள்ளிப்போட்டதில்லை. எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். பரீட்சை பிற்பகலில். முடிவதற்குள் சாயங்காலமாகிவிடும்.

பரீட்சை நடந்தது ஓர் அரசுப் பள்ளியில். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றேன். பெற்றோர் நிற்கிற இடத்தில் கணவன்மார், மாமியார், கைக்குழந்தையோடு ஒரு அக்கா என்று பலவிதமாக நின்றிருந்தோம். ஏப்ரல் வெயில். மரம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதன் நிழலை ஸ்கூட்டர்கள் எடுத்துக்கொண்டிருந்தன. என் மகளுடைய எந்தப் பரீட்சைக்கும் இப்படி வந்து நின்றதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்து, கால்வலியோடு சேர்ந்துகொண்டது.

வெளியே வந்தவள் நேராகத் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோ கிடைக்கிற வரைக்கும் நானும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு, அந்தக் கணக்கு வந்ததா என்றேன்.

“வந்துச்சு.”

பிறகு நடந்ததைச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்து பெஞ்சில், பட்டான்செருவில் ஏதோ மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன், கம்பெனிச் சட்டையோடேயே வந்திருந்தானாம். மேற்பார்வைக்கு நின்றவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது, இவள் அந்தக் கணக்கின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பாவம் தெரியவில்லை போலிருக்கிறது என்று தன் தாளை இவள் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறான். அதில் விடை அழகாகக் கோடு போட்டு இருந்ததாம். மைனஸைத் தூக்கிவிட்டு வரவழைத்த இரண்டு விடைகள்.

“நம்ம டேபிள்ல வந்த மாதிரியே. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நக்கோ, வேணாம்னு தலையாட்டினேன். ரூட்ஸ் லேவு தம்முடு, கீழ மைனஸ் உந்தின்னு மெதுவாச் சொன்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா?”

“என்ன?”

“ஆன்சர் லேகுண்டா எட்லா அடுகுதாரு அக்கான்னான்.”

மூலங்கள் இல்லை தம்பி, கீழே மைனஸ் இருக்கிறது என்று இவள் சொன்னதற்கு, பதில் இல்லாமல் எப்படி அக்கா கேட்பார்கள் என்றிருக்கிறான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. காரணம் எழுதினேன். அப்புறம் எழுதினேன்.”

“கடைசி வரியும்?”

“கைக்கு டென்ஷன் ஆறீங்க?” ஏன் என்பதற்குச் செகந்திராபாத்தில் கைக்கு. “ எழுதிட்டேன். வெயில் இருந்துச்சே இன்னும்.” பாட்டிலைத் திருகி மூடிக்கொண்டே, “வெயில் இல்லன்னாலும் எழுதியிருப்பேன்” என்றாள். அதற்கப்புறம் வீடு வரைக்கும் தூங்கிவிட்டாள்.

முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் வாங்கிய மார்க் பெருமையடித்துக்கொள்ளப் போதாது, மறைத்துவைக்கவும் அவசியமில்லாதது. மகள் போனில் பட்டாசு, கேக் எல்லாவற்றின் படத்தையும் அனுப்பினாள். சான்றிதழ் கைக்கு வர மேலும் இழுத்து, பள்ளி திறக்கிற வாரத்தில்தான் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. மேஜையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வகுப்பு கிடைத்ததா என்றேன். கிடைத்தது என்றாள். அதே யுகேஜி, அதே சம்பளம், சில புது அழுகைகள். ஆபீஸில் இருந்த பெண் சான்றிதழில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நகல் எடுத்து ஃபைலில் போட்டு, ஓகே மேடம் என்றாளாம்.

“என்ன சப்ஜெக்ட்னுகூடப் பாக்கல” என்றாள்.

 பாடங்களின் பட்டியலை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விண்ணப்பம் போட்ட அன்றே எனக்குத் தெரியும். ஹோம் சயின்ஸ் எடுத்திருந்தாலும் அதே ஓகே மேடம்தான். இதைச் சொல்வதற்குத் தோதாக ஒரு கணவனுக்கு வாழ்க்கையில் சில சந்தர்ப்பங்கள் அமையும். அவற்றில் ஒன்றையாவது விட்டுவிட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பலகையில் சாமி படத்தின் மேல் சாய்த்து வைத்திருந்த சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“மேத்ஸ் லைன் மட்டும் படிங்க.”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். மேத்தமேட்டிக்ஸ், மார்க், பக்கத்தில் பாஸ்.

“சத்தமா.”

சத்தமாகப் படித்தேன். பக்கத்து வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது; அதற்கு மேலே கேட்கும்படி இன்னொருமுறையும் படித்தேன். அவள் சான்றிதழைத் திரும்ப வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கொத்தவரங்காயை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் கழற்றிய செருப்பு இன்னும் அலமாரிக்குப் போயிருக்கவில்லை. உள்ளே டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“பருப்பு நெறஞ்சிருக்குங்க” என்றாள்.

ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.